கோத்தகிரி வீட்டு நிழலுக்கு ஓக் மரமா, சோலை மரமா?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் பழைய தேயிலை நிலத்தில் பத்து சென்ட் வாங்கி வீடு கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிழலுக்கு நம் மலையிலேயே பிறந்த ஓக் மரம் ஒன்று வைக்க ஆசை. சில்வர் ஓக்தான் அது என்று சிலர் சொல்கிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள். வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, எத்தனை வருஷத்தில் நிழல் வரும், எல்லையில் ஏற்கெனவே நிற்கும் மூன்று சில்வர் ஓக்கை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளியூர் மரத்தை நட்டுவிட்டு அது நம்ம ஊர் மரம் என்று ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலைதான் இதற்கெல்லாம் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நல்ல கவலை. சோலை (மலைப் பள்ளங்களில் இருக்கும் பசுமை மாறாக் காடு) மரக் கன்றுகளை வளர்க்கும் நாற்றங்கால் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. நீலகிரியிலும் சரி, பழனி மலையிலும் சரி, இயற்கையாக வளரும் ஓக் எதுவும் கிடையாது. தென்னிந்தியா முழுவதற்குமே அந்தக் குடும்பம் சொந்தமில்லை. இந்தியாவில் ஓக் காடு பார்க்க வேண்டுமானால் இமயமலைக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். ஊட்டியின் பழைய பங்களா வளாகங்களில் ஒன்றிரண்டு ஓக் நிற்கின்றன என்றால், அவை வெள்ளைக்காரர்கள் ஊர் நினைப்பில் கொண்டுவந்து வைத்தவை. சில்வர் ஓக்கோ ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்து மரம். ஓக்குக்கும் அதற்கும் உறவே இல்லை, மக்கடேமியா கொட்டை மரம்தான் அதற்குச் சொந்தம். அறுத்த பலகையில் தெரியும் மினுமினுப்பான ரேகை ஓக் பலகையைப் போல இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தேயிலைக்கும் காபிக்கும் நடுவே மெல்லிய நிழல் வேண்டும், சீக்கிரம் வளர வேண்டும், பிறகு பலகைக்கும் ஆக வேண்டும் என்று எஸ்டேட்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அதை வைத்தார்கள். அந்த வேலைக்கு அது பொருத்தமான மரம். வீட்டு ஓரத்துக்குப் பொருத்தமில்லை. கிளை எளிதில் முறியும், உயரம் எண்பது அடியைத் தாண்டும், ஐப்பசிக் காற்றில் ஓட்டின் மேல் கிளை விழுந்த வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உத்தரகாண்டின் பாஞ்ச் ஓக் விதையைத் தருவித்து வளர்க்கலாமே என்று தோன்றலாம். அது அங்கே ஆறாயிரம் ஏழாயிரம் அடியில் வளர்கிற மரம், அதனால் இங்கே உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது மண்ணின் மரம். பாஞ்ச் ஓக்கும் இங்கே விருந்தாளிதான். உத்தரகாண்டின் குமாவுன் பகுதிக் காடுகளில் ஓக்கோடு தோளுரசி நிற்கிற கூட்டாளி மரம் ஒன்று உண்டு, சிவப்புப் பூப்பூக்கும் ரோடோடென்ட்ரான். அங்கே அதை புராஞ்ச் என்கிறார்கள். அதே மரத்தின் தெற்கத்திய வகை நம் மலைகளில் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்று சொல்வார்களே, அதுதான். நடுவில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, இமயத்தில் ஒன்றும் நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் ஒன்றுமாக நிற்கிறது. ஓக் நம்மிடம் இல்லை, ஓக்கின் கூட்டாளி இருக்கிறது. உங்கள் ஆசைக்கு இதைவிடப் பக்கத்தில் வரக்கூடிய மரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் எந்த மரம் என்று முடிவு செய்வதற்கு முன் எந்த இடம் என்று பாருங்கள். நாற்றங்காலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் நிழல் என்பது சமவெளியில் இருப்பது போல வருஷம் முழுக்க வேண்டிய பொருள் இல்லை. மார்ச் முதல் மே வரை மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வெயிலுக்காக ஏங்குவோம். நம் சோலை மரங்களோ அநேகமாக எல்லாமே பசுமை மாறாதவை, குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிடாது. ஆகவே திசைதான் இங்கே முக்கியம். கோத்தகிரி இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கும். 30 அடி மரம் வீட்டுக்குத் தெற்கே இருந்தால் அதன் நிழல் வடக்கு நோக்கி 21 அடி விழும். அதற்குள் உங்கள் வீடு இருந்தால் தை மாதம் முழுக்க சுவர் ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். கிழக்கிலும் வேண்டாம், காலை வெயில் இங்கே பொன். ஏப்ரல் மத்தியில் சூரியன் நேர் உச்சியில் வந்துவிடுவதால் நண்பகல் வெயிலைப் பக்கத்து மரம் எதுவும் தடுக்காது. தடுக்கக் கூடியது மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து வரும் வெயிலை மட்டும்தான். அந்த மாதத்தில் மூன்றரை மணிக்கு 30 அடி மரத்தின் நிழல் கிட்டத்தட்ட அதன் உயரத்தளவு கிழக்கே நீளும். எனவே மேற்கிலோ சற்றே வடமேற்காகவோ, சுவரிலிருந்து 20 அடி தள்ளி வைத்தால் போதும். இந்தக் கணக்கு சமதரைக்கு. உங்கள் நிலம் மேற்கே சரிந்து இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைப் பொறுத்துத் தூரம் கூடும், குறையும். நேரில் பார்க்காமல் அதை என்னால் சொல்ல முடியாது. ஒரு ஏப்ரல் மாலையில் நீண்ட மூங்கில் ஒன்றை நட்டு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தடுப்புச் சுவரின் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். வீட்டுக்காக வெட்டிச் சமன் செய்த மேட்டின் நுனியிலும் கூடாது. வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் வெட்டிக் கொட்டிய தளர்ந்த மண்ணில் நிற்கும் பெரிய மரம் மழைக்காலத்தில் காற்றோடு ஆடும்போது சுவரையும் சேர்த்து அசைக்கும். சுவரிலிருந்து குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளுங்கள்.

அடுத்தது உறைபனி. ஊட்டிப் பள்ளத்தாக்குகளைவிட உங்கள் பக்கம் குறைவுதான், ஆனாலும் ஓடைப் பக்கத்துத் தாழ்வான இடங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி இறங்கும். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், ஒரே நிலத்தில் மேல் தட்டு தப்பிக்கும், கீழ்த் தட்டு கருகும். நம் மலையில் சோலை பள்ளங்களிலும் புல்வெளி மேடுகளிலும் இருப்பதற்கு என்ன காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். தீ, காற்று, மண் ஆழம், பனி எல்லாவற்றுக்கும் பங்கு சொல்கிறார்கள். எது பிரதானம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் திறந்த வெளியில் வைத்த இளம் சோலைக் கன்றைப் பனி கொல்லும் என்பதில் வாதமே இல்லை. இதற்கு விதிவிலக்கு காட்டுப்பூவரசு. புல்வெளி நடுவே தனியாக ஒரு மரம், தடித்த பட்டையோடு முறுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பனியையும் புல் தீயையும் தாங்கும்.

அதனால் உங்கள் இடம் திறந்த வெளியாக இருந்தால், அல்லது பனி இறங்கும் தட்டாக இருந்தால், முதல் மரம் காட்டுப்பூவரசு. பெரிய குடை விரிக்கும் மரமில்லை. இருபது இருபத்தைந்து அடி போகும், அடியில் ஒரு பெஞ்சு போடலாம். பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை பூக்கும், தேன்சிட்டும் சிரிப்பானும் விடியும் முன்னே வந்துவிடும். புளிப்பு மண் அதற்கு வேண்டும், தேயிலை நிலத்து மண் அப்படித்தான் இருக்கும். யாராவது சுண்ணாம்போ டோலமைட்டோ போடச் சொன்னால் கேட்காதீர்கள். கட்டட வேலையில் கொட்டிய சிமெண்டுக் கழிவு அந்த இடத்தில் இருந்தால் முழுக்க அள்ளிவிடுங்கள்.

உண்மையான அடர்ந்த நிழல் வேண்டுமென்றால் காட்டுச் செண்பகம், பிக்கி, மலை நாவல் இந்த மூன்றில் ஒன்று. காட்டுச் செண்பகம் நம் கோயில் செண்பகத்தின் மலைச் சகோதரி, பூ வெளிர் நிறம், வாசனை உண்டு. நாற்பது ஐம்பது அடி வரை போகும். படகர்கள் பிக்கி என்று சொல்வது ருத்திராட்சக் குடும்பத்து மரம். உதிரும் முன் இலை ஒவ்வொன்றாகச் சிவப்பதால் பச்சை நடுவே எப்போதும் சில செவ்விலைகள் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த மரம். பழனி மலையில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மிக அரிதான ஒரு வகை உண்டு. வட்டக்கானலில் இருக்கும் பாதுகாப்பு அறக்கட்டளை நாற்றங்காலில் அதன் கன்றுகளை உருவாக்கியிருக்கிறார்கள். கொடைக்கானல் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் உள்ளூர் வகைகளை அங்கே கேட்டுப் பாருங்கள். மலை நாவலின் தளிர் செந்நிறம், பழம் பறவைகளுக்கு விருந்து. நீலகிரிக் காட்டுப்புறா இப்படிப்பட்ட பழங்களை நம்பித்தான் வாழ்கிறது. கூடலூர் சரிவிலோ, பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமோ நாலாயிரம் அடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அவர்களுக்குச் சந்தன வேம்பு, செண்பகம், கல்யாண முருங்கை என்று வேறு மரங்கள் இருக்கின்றன.

இந்த மூன்று மரங்களைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது, இவை நிழலில் பிறந்து வளர்கிற மரங்கள். தாய் மரத்தடியில், ஈரமான இலை மக்கில், மங்கிய வெளிச்சத்தில் முளைத்து, மேலே ஒரு இடைவெளி திறந்தால்தான் உயரப் போகும். இதைக் கொண்டுபோய் மொட்டைத் தரையில் நட்டால் முதல் கோடையில் இலை வெந்துபோகும், தப்பித்தால் முதல் பனியில் கருகும். சோலை மரம் வைத்தேன், வரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். அதற்கு முதலில் ஒரு செவிலி மரம் வேண்டும்.

அந்தச் செவிலி உங்கள் எல்லையிலேயே நிற்கிறது. மூன்று சில்வர் ஓக்கையும் இப்போது வெட்டாதீர்கள். சீகை (வாட்டில்) தோப்புகளுக்கும் பைன் தோப்புகளுக்கும் அடியில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைக் கொடைக்கானல் பக்கம் நிறையக் காணலாம். வெளிநாட்டு மரமே ஆனாலும் அதன் மெல்லிய நிழலும் காற்றுத் தடுப்பும் கன்றுக்குப் பயன்படுகின்றன. சில்வர் ஓக்கின் அடித்தண்டிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி, கிளை நிழல் விழும் விளிம்பில் கன்றை வையுங்கள். ரொம்பக் கிட்டத்தில் வைத்தால் மேல்மண்ணில் பின்னியிருக்கும் அதன் வேர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் தேயிலைச் செடிகளையும் முழுக்கப் பிடுங்க வேண்டாம். வரிசையில் ஒரு செடியை வேரோடு எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் கன்றை நட்டால், சுற்றியுள்ள தேயிலை காற்றைத் தடுக்கும், காட்டுமாட்டையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். கன்று ஆள் உயரம் தாண்டிய பிறகு சில்வர் ஓக்கின் கீழ்க் கிளைகளை வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.

வெட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று சட்டம். நீலகிரியும் கொடைக்கானல் பகுதியும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பட்டா நிலமே ஆனாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. எந்த மரத்துக்கு என்ன நடைமுறை என்பது அவ்வப்போது மாறும், ஆகவே கிளை கழிப்பதாக இருந்தாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் இன்று வைக்கும் மரத்துக்கும் நாளை இதே சட்டம்தான், இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, அடிக்கட்டை. சில்வர் ஓக்கை வெட்டிவிட்டுக் கட்டையை மண்ணில் விட்டுவைத்தால் அதில் பூஞ்சை பிடித்து, வேர் வழியாகப் பக்கத்துத் தேயிலைக்குப் பரவும். கரிக்கட்டை அழுகல் என்று தேயிலை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த நோய். அதனால்தான் எஸ்டேட்டில் நிழல் மரத்தை வெட்டும் முன் பட்டையை வளையமாகச் சீவி, வேரிலிருக்கும் மாவுச்சத்தைக் காயவிடுவார்கள். எப்போதாவது அனுமதி வாங்கி வெட்டினால் கட்டையை வேரோடு எடுங்கள்.

நடும் காலம் உங்களுக்கு இரண்டு. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதனால் பலரும் அக்டோபரில் நடுவார்கள். பனி இறங்காத தட்டுக்கு அது சரி. பனித் தட்டாக இருந்தால் ஜூன், ஜூலைச் சாரலிலேயே நட்டுவிடுங்கள், டிசம்பருக்குள் வேர் பிடித்திருக்கும். குழி ஒன்றரை அடி போதும், மேல்மண்ணோடு மக்கிய இலையைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். தண்டு பையில் எந்த அளவு மண்ணுக்குள் இருந்ததோ அதே அளவுதான் குழியிலும் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் கன்றுக்கு மேல் கூடாரம் போலத் தழை போடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் காக்க மிலார் செடிகளால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். பனி விழுந்த காலையில் நேர் வெயில் சட்டென்று பட்டால்தான் கருகல் அதிகம், ஆகவே கிழக்குப் பக்கத்தை நன்றாக மறையுங்கள். பிப்ரவரி முதல் கோடை மழை வரும் வரை வாரம் இருமுறை தண்ணீர், முதல் மூன்று கோடைக்கு.

கன்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். லாங்வுட் சோலை உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கிருந்து ஒரு கைப்பிடி மண்கூட எடுக்கக் கூடாது. காப்புக்காட்டில் அது குற்றம், கன்றும் பிழைக்காது. வனத்துறை நாற்றங்காலிலும் கோத்தகிரியில் சோலைக் கன்று வளர்க்கும் அமைப்புகளிலும் கேளுங்கள். விதையிலிருந்து வளர்க்க ஆசை என்றால் நாவல், செண்பக விதைகளைக் காயவிடாமல் சதையைக் கழுவிவிட்டு அன்றே விதைக்க வேண்டும், சில வாரம் வைத்தாலே உயிர் போய்விடும். பிக்கிக் கொட்டை கல் போன்றது, முளைக்க மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருஷமும் எடுக்கும். காட்டுப்பூவரசு விதை தூசி அளவு, அதை வீட்டில் முயல்வதைவிட இரண்டு வயதுக் கன்றாக வாங்கிவிடுவது மேல்.

எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியான எண் சொல்பவரை நம்பாதீர்கள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஒரு அடி வந்தாலே எனக்குத் திருப்தி, வேர் பிடித்த பிறகு வேகம் கூடும். மேற்குச் சுவரில் நிழல் விழப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் மேற்கே ஒரு பந்தல் போட்டுச் சௌசௌ கொடி ஏற்றுங்கள். வாழைப்பழம் போல நீளக் காய் காய்க்கும் பேஷன் புரூட் கொடியை மட்டும் ஏற்ற வேண்டாம், அது சோலைக்குள் ஓடி மரங்களையே மூடிவிடுகிறது.

கன்றைச் சுற்றி வேலி கட்டாயம் வேண்டும். காட்டுமாடு தின்பதைவிட உரசி முறிப்பது அதிகம், முள்ளம்பன்றி அடிப்பட்டையைக் கறும்பும். கீழே இரண்டடிக்குக் கம்பிவலை, வெளியே நாலு கனமான மரக்கால்கள். அப்புறம், மலை நாவலைத் தேர்ந்தெடுத்தால் வாசலுக்கும் சமையலறைக் கதவுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பழக் காலத்தில் குரங்கு வரும், கோத்தகிரியில் கரடியும் வரும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், அல்லது இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடமாட்டம் உண்டென்றால், நாவலை விட்டுவிட்டுக் காட்டுச் செண்பகத்தை வையுங்கள்.